மழை விட்ட மறுநாள்: கிளென் நெவிஸில் ஸ்டீல் அருவிக்கு நடந்து போக முழுமையான வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டுக்கு வருகிறவர்கள் மழையைக் கண்டதும் சோர்ந்துபோகிறார்கள். அருவி பார்க்க வந்தவர்கள் அப்படிச் சோர வேண்டியதில்லை. ஸ்டீல் அருவிக்குப் பின்னால் அணையோ பெரிய ஏரியோ கிடையாது. மேலே ஒரு மலைக்குடைவு, அதாவது மலைகள் சூழ்ந்த கிண்ணம் மாதிரியான பள்ளம் இருக்கிறது, அதில் மழை பெய்கிறது, பனி உருகுகிறது, அவ்வளவுதான். ஒரு வாரம் தொடர்ந்து வெயில் அடித்தால் அருவி பாறையில் சுண்ணாம்புக் கோடு போட்ட மாதிரி மெலிந்துவிடும். ஒரு ராத்திரி மழை கொட்டினால் மறுநாள் பள்ளத்தாக்கு முழுக்க அதன் இரைச்சல்தான்.

ஆனால் அதே மழைதான் ஆற்றையும் ஏற்றிவிடும், பாதைக் கல்லையும் வழுக்க வைக்கும். அதனால் இந்த நடையில் பாதி வேலை நாளைத் தேர்ந்தெடுப்பதிலேயே இருக்கிறது. பல முறை போய்வந்த பிறகு எனக்குப் பிடிபட்ட கணக்கு இதுதான்: மாலையோ இரவோ மழை விட்டிருக்க வேண்டும், மறுநாள் காலை கிளம்ப வேண்டும். ஆறு கொஞ்சம் தணிந்திருக்கும், அருவி இன்னும் தடித்தே விழுந்துகொண்டிருக்கும்.

இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கிளென் என்றால் மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கு. கிளென் நெவிஸ், ஃபோர்ட் வில்லியம் ஊரின் ஓரத்தில் தொடங்குகிறது. வடக்கே பென் நெவிஸ், 1,345 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமான மலை. தெற்கே மாமோர் மலைத்தொடர். நடுவில் நெவிஸ் ஆறு. சாலையில் போகும்போது தெற்கே ஒரு சிகரம் கோடையிலும் வெள்ளையாகத் தெரியும். பனி என்று நினைத்துப் பலர் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். அது ஸ்கோர் அ வாயிம் என்ற மலை, உச்சியில் இருப்பது வெண்ணிறக் குவார்ட்சைட் பாறை.

ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் அருவிக்கு இருக்கும் பெயருக்கு ‘வெள்ளைப் பாய்ச்சல்’ என்று பொருள். உயரம் ஏறக்குறைய 120 மீட்டர். ஸ்காட்லாந்தில் இரண்டாவது உயரமான அருவி என்று பொதுவாகச் சொல்வார்கள். முதல் இடம் வடமேற்கு மூலையில் இருக்கும் 200 மீட்டர் உயரத்து ஈஸ் அ கூவல் ஆலினுக்கு.

இவ்வளவு தண்ணீர் ஏன் சரியாக இங்கே வந்து குதிக்கிறது? பனியுகத்தில் கீழே பெரிய பனியாறு, பக்கத்து மலைக்குடைவில் சின்னப் பனியாறு. பெரியது தன் பள்ளத்தாக்கை ஆழமாக அரைத்துவிட்டது, சின்னதால் அந்த அளவுக்கு அரைக்க முடியவில்லை. பனி எல்லாம் உருகிப் போனபோது மேல் பள்ளத்தாக்கு அந்தரத்தில் நின்றுபோனது. அதன் வாசலிலிருந்துதான் ஓடை இன்றும் விழுகிறது. இதைத் தெரிந்துகொண்டு அருவியின் மேல் விளிம்பைப் பார்த்தால், அங்கே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பள்ளத்தாக்கு இருப்பதை மனதால் பார்க்க முடியும்.

1960களின் தொடக்கத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் நீர்மின் திட்டம் ஒன்று பேசப்பட்டது. எதிர்ப்பு கிளம்பி, அது கைவிடப்பட்டது. 2000 முதல் பென் நெவிஸ் உச்சியும் அருவிக்கு எதிரே இருக்கும் ஸ்டீல் புல்வெளியும் சேர்ந்த நிலப்பகுதி ஜான் மியூர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. நாம் காலூன்றி நடக்கும் கல்படிகளைப் பராமரிக்கிறவர்களும் அவர்கள்தான்.

எப்போது போவது

என் விருப்பம் மே மாதத்தின் முதல் பாதி. பிர்ச் மரங்கள் அப்போதுதான் துளிர்த்திருக்கும், உயரத்தில் மிச்சப் பனி உருகிக்கொண்டிருக்கும், மிட்ஜ் பூச்சி இன்னும் படையெடுத்திருக்காது. அக்டோபரும் அழகு, பாதை போகும் குறுகிய மலையிடுக்கு முழுக்கச் செம்பும் மஞ்சளுமாக இருக்கும்.

மிட்ஜ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொசுவைவிடப் பல மடங்கு சின்னது, கூட்டமாக வரும், தலைமுடிக்குள்ளும் காதுக்குள்ளும் புகும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அதன் காலம். காற்று இல்லாத, மேகம் மூடிய, ஈரமான காலையும் மாலையும் அதற்கு மிகவும் பிடிக்கும். லேசான காற்று அடித்தாலே பறக்க முடியாமல் அடங்கிவிடும். ஃபோர்ட் வில்லியம் கடைகளில் ஸ்மிட்ஜ் என்ற பூச்சு கிடைக்கிறது. அதோடு தலைக்குப் போடும் மெல்லிய வலை ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். வலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜூலை மாலையில் போகிறவர்கள் அருவியைப் பார்க்க மாட்டார்கள், கையை வீசிக்கொண்டே திரும்பி வருவார்கள்.

பகல் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். ஜூன் நடுவில் இரவு பத்து மணிக்குமேல்கூட வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். குளிர்காலத்தில் பாதையில் ஊறும் தண்ணீர் அப்படியே உறைந்து கண்ணாடித் தகடாகிவிடும். ஐஸில் நடந்து பழக்கமும் அதற்கான உபகரணமும் இல்லாதவர்கள் அப்போது மலையிடுக்குக்குள் நுழையவே கூடாது.

கிளம்பும் முந்தின இரவு எம்.டபிள்யூ.ஐ.எஸ் மலை வானிலை அறிக்கையையும் மெட் ஆஃபீஸ் மலை முன்னறிவிப்பையும் பாருங்கள். ஊர் வானிலையை மட்டும் நம்பாதீர்கள். பென் நெவிஸ் உச்சியில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கீழே ஊரில் தூறலாக இருக்கும்போது மேலே கொட்டிக்கொண்டிருக்கலாம், அந்தத் தண்ணீர் சில மணி நேரத்தில் உங்கள் காலடிக்கு வந்துவிடும்.

என்னென்ன எடுத்துக்கொள்வது

முதலில் செருப்பு விஷயம். சாலை முடியும் இடத்திலிருந்து போக ஒன்றே முக்கால் கிலோமீட்டர், வர ஒன்றே முக்கால், மொத்தம் மூன்றரைதான் என்று யாராவது சொன்னதும் பலர் ஓட்டப்பந்தய ஷூவோடு கிளம்பிவிடுகிறார்கள். தூரம் இங்கே அளவுகோல் அல்ல. ஈரப்பாறையில் பிடிக்கும் அடிப்பாகம் உள்ள, கணுக்காலைப் பிடித்து நிற்கும் நடை பூட்ஸ்தான் தேவை. ஒருமுறை எனக்கு முன்னால் போன இளைஞர் தேய்ந்த ஷூவோடு ஈரக் கல்லில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். விழுந்தது பாதையின் உள்பக்கம், அதனால் முழங்கையில் சிராய்ப்போடு போனது. வெளிப்பக்கமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயாது, உடம்பைக் குளிர வைக்கும். பருத்திச் சட்டையும் அப்படியே. சீக்கிரம் காயும் உள்சட்டை, அதற்கு மேல் ஃப்ளீஸ் என்ற கதகதப்பான மேல்சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் நீர் புகாத ஜாக்கெட்டும் மேல்பேன்ட்டும். ஜூலையிலும் இதே கதைதான். குடை எடுத்துப் போகாதீர்கள். இரண்டு கையும் உங்களுக்கு வேண்டும், மலையிடுக்கில் வீசும் காற்றுக்குக் குடை நிற்கவும் நிற்காது.

பைக்குள் தண்ணீர், சாப்பிட ஏதாவது, மாற்றுக் காலுறை, தலையில் மாட்டும் டார்ச், விசில், சின்ன முதலுதவிப் பொட்டலம், முழு சார்ஜில் போன். கூடவே பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் (ஓ.எஸ்.) எக்ஸ்ப்ளோரர் 392 வரைபடம். மலையிடுக்கில் போன் சிக்னலை நம்ப முடியாது, காகித வரைபடத்துக்கு அது தேவையும் இல்லை. நான் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போவேன். குளிரில் ஆறினாலும் சுவை கெடாது.

போய்ச் சேருவது

கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட்டிலிருந்து ஃபோர்ட் வில்லியமுக்கு வெஸ்ட் ஹைலேண்ட் ரயில் ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி நேரம். லண்டன் யூஸ்டனிலிருந்து இரவு ரயிலும் இருக்கிறது. இந்த ரயில் பாதையே பயணத்தில் பாதி, ரானக் சதுப்பு வரும்போது தூங்கிவிடாதீர்கள்.

ஊரிலிருந்து சாலை முடியும் மேல் கார் நிறுத்தம் சுமார் பத்துப் பதினொரு கிலோமீட்டர். கிளென்னுக்குள் பேருந்தும் ஓடுகிறது, ஆனால் பருவத்துக்குப் பருவம் நேரமும் கடைசி நிறுத்தமும் மாறும். திரும்பி வரும் கடைசிப் பேருந்து எப்போது என்பதை ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் கிளென் நெவிஸ் விசிட்டர் சென்டரில் இறங்கி, கழிப்பறை வேலையை முடித்துக்கொண்டு, பாதை நிலவரமும் விசாரியுங்கள். மேலே கடை எதுவும் கிடையாது.

அக்ரியாக் என்ற இடத்தில் பாலத்துக்கு அடியில் லோயர் ஃபால்ஸ் விழுகிறது. முதியவர்களோ கைக்குழந்தையோ கூட இருந்தால் இதுவே போதும். கார் நிறுத்தத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் அருவி. பீட் என்ற மக்கிய செடிமண் சதுப்பில் ஊறி வந்த தண்ணீர் வரக்காப்பி நிறத்தில் திரண்டு வந்து, பாறையில் மோதி அப்படியே வெள்ளையாவதை மிகப் பக்கத்தில் பார்க்கலாம்.

பாலத்தைத் தாண்டினால் சாலை ஒற்றை வழியாகிவிடும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க ‘பாசிங் பிளேஸ்’ என்று பலகை வைத்த இடங்கள் இருக்கும். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு எதிரே உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், எதிர் வண்டி அதில் புகுந்து சுற்றிக்கொண்டு போகும். அந்த இடத்தில் காரை நிறுத்திவிட்டு நடக்கப் போவது பெரிய தவறு, ஆம்புலன்ஸுக்கும் அதே சாலைதான். மேல் நிறுத்தம் சின்னது, கோடையில் காலை ஒன்பதுக்குள் போய்விடுவது நல்லது. இடம் இல்லாவிட்டால் லோயர் ஃபால்ஸிலேயே நிறுத்திவிட்டு, ஆற்றின் தென்கரைப் பாதையில் நடந்து, பேடிஸ் பிரிட்ஜ் என்ற நடைபாலத்தில் ஆற்றைக் கடந்து சாலைக்கு வரலாம்.

மலையிடுக்கு வழியாக

மேல் நிறுத்தத்தில் இறங்கியதும் இடப்பக்கம் மேலே பாருங்கள். பென் நெவிஸின் சரிவில் பல நூறு மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் பாறையோடு ஒட்டி வழுக்கிக்கொண்டு இறங்கும். அதன் பக்கத்தில் ஏறிப் பார்க்கத் தோன்றும், ஏறாதீர்கள், நம் வழி அதுவல்ல.

பாதை நிறுத்தத்தின் கிழக்கு முனையில் தொடங்குகிறது. அங்கே ஒரு எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. செங்குத்தான சரிவு இருக்கிறது, விழுந்தவர்கள் இறந்திருக்கிறார்கள் என்று நேராகவே எழுதியிருக்கும். நின்று படியுங்கள். குழந்தைகள் இருந்தால் அவர்களையும் படிக்கச் சொல்லுங்கள். இங்கிருந்து புல்வெளி வரை குழந்தைகள் கை பிடித்து, உள்பக்கமாகத்தான் நடக்க வேண்டும். நாய்க்குக் கயிறு.

முதல் பத்து நிமிடம் மரங்களுக்குள் மெல்ல ஏறும். பிர்ச், ரோவன், ஓக், நடுநடுவே முதிர்ந்த பைன். வலப்பக்கம் சரிவு, ஆனால் செடிகொடி மறைப்பதால் ஆழம் தெரியாது. ஆற்றின் சத்தம் பக்கவாட்டிலிருந்து வராமல் காலுக்கு நேர் கீழிருந்து வருகிறது என்று உணரும்போதுதான் எங்கே நிற்கிறோம் என்பது உறைக்கும். பாதையின் ஆபத்தும் இதுதான். பயமுறுத்தும் இடமாகத் தெரிந்தால் எல்லோரும் கவனமாக இருப்பார்கள், இது காட்டுக்குள் போகும் சாதாரணப் பாதை மாதிரியே இருக்கிறது.

குறுக்கே ஓடைகள் வரும். பாறைப் படிகள் வரும். ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து மழமழப்பான கற்கள் ஈரத்தில் மின்னும். மின்னுகிற கல்லில் கால் வைக்காதீர்கள். சொரசொரப்பான ஓரத்தையோ இரண்டு கல்லுக்கு நடுவே இருக்கும் சரளையையோ தேடி மிதியுங்கள். மரவேர் கல்லைவிட மோசம், மழையில் சோப்புக்கட்டிதான். இறங்கும் இடங்களில் கையை ஊன்றவோ உட்கார்ந்து நகரவோ தயங்காதீர்கள். எதிரே ஆள் வந்தால் மலையை ஒட்டிய பக்கம் நின்று வழிவிடுங்கள், ஒருபோதும் விளிம்புப் பக்கம் ஒதுங்காதீர்கள். படம் எடுக்க வேண்டுமா, முதலில் நில்லுங்கள், அப்புறம் போனை எடுங்கள்.

நடுவில் ஓரிடத்தில் மரங்கள் விலகி ஆறு கண்ணில் படும். வீட்டளவு பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்க, தண்ணீர் அவற்றுக்கு அடியில் புகுந்து எங்கோ காணாமல்போய் வேறெங்கோ பீறிட்டு வரும். அந்தச் சாரல் படும் பாறைகளில் பாசி ஓர் அங்குலத் தடிப்பில் படர்ந்திருக்கும். விரலால் மெல்ல அழுத்தினால் நனைந்த பஞ்சு போல உள்வாங்கி, எடுத்ததும் திரும்ப எழும். டிப்பர் என்ற குண்டுப் பறவை ஒன்று கல்லின் மேல் நின்று, வெள்ளை மார்பைக் காட்டிக்கொண்டு முழங்காலை மடக்கி மடக்கிக் குனியும், அப்புறம் சட்டென்று சுழலுக்குள்ளேயே நடந்து இறங்கிவிடும். என்னைக் கேட்டால் அருவிக்கு இணையானது இந்த மலையிடுக்கு. இதை வேகமாகக் கடக்க வேண்டாம்.

பாதை கீழிறங்கி ஆற்றங்கரைக்கே வரும். பாறைகளுக்கு நடுவே ஒரு திருப்பம். அதைத் தாண்டியதும் இரைச்சல் சட்டென்று பின்னால் தங்கிவிடும். முன்னால் அகன்ற, தட்டையான புல்வெளி. சற்று முன்வரை கொந்தளித்த அதே ஆறு இங்கே சத்தமில்லாமல் வளைந்து கிடக்கும். சுற்றிலும் மலை. எதிரே வலப்பக்கம் அருவி.

நிறுத்தத்திலிருந்து இங்கு வர முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். குழந்தைகளோடு என்றால் இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று கம்பிப் பாலம்

அருவி ஆற்றின் மறுகரையில் இருக்கிறது. அங்கே போக மூன்று இரும்புக் கம்பிகளால் ஆன பாலம் ஒன்று இருக்கிறது. கீழே காலுக்கு ஒன்று, இரண்டு கைக்கும் ஒவ்வொன்று. பலகை கிடையாது. பழுது பார்க்க மூடியிருந்தாலோ எச்சரிக்கை அறிவிப்பு ஏதாவது மாட்டியிருந்தாலோ அதோடு விட்டுவிடுங்கள்.

கடப்பதென்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். பையின் மார்பு வாரைப் பூட்டி, தொங்கும் கேமராவை உள்ளே வையுங்கள். உள்ளங்காலின் நடுப்பகுதி கம்பியில் பதியும்படி பாதத்தைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். கைகள் கம்பியை விடவே கூடாது, வழுக்கிக்கொண்டே முன்னால் நகர வேண்டும். ஓடும் தண்ணீரைப் பார்த்தால் நாம்தான் நகர்கிறோம் என்று கண் ஏமாறும். அடுத்து கால் வைக்கும் இடத்தை மட்டும் பாருங்கள். நடுவில் பாலம் ஆடத்தான் செய்யும், நின்று மூச்சு விட்டு, ஆட்டம் தணிந்ததும் நகருங்கள். ஆறு கம்பியைத் தொடும் அளவுக்கு ஏறியிருந்தால் கடக்காதீர்கள், தண்ணீரில் இறங்கிக் கடக்க நினைப்பது அதைவிட ஆபத்து. மறுகரையில் இருக்கும் வீடு மலையேறும் சங்கம் ஒன்றின் தனிச்சொத்து, அதைத் தாண்டிச் சேறும் ஒரு சின்ன ஓடையும் கடந்தால் அருவியின் அடி.

அக்கா மதுரையிலிருந்து வந்திருந்தபோது கூட்டிப்போனேன். முழங்கால் வலியோடு மெதுவாக, ஒரு முறைகூட முணுமுணுக்காமல் புல்வெளி வரை வந்துவிட்டாள். பாலத்தைப் பார்த்ததும், “நீ போயிட்டு வாடா தம்பி, எனக்கு இங்கேயிருந்தே நல்லாத் தெரியுது” என்று கல்லில் உட்கார்ந்துகொண்டாள். நான் கடந்து போய் அடியில் நின்றேன். சாரல் முகத்தில் அறைந்தது, நிமிர்ந்து பார்த்தால் உச்சி தெரியவில்லை, வெறும் வெண்புகை. திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் மேல் விளிம்பிலிருந்து தரை வரை முழு அருவியையும் பார்த்தேன். காற்று வந்து நடுப்பகுதியை ஒரு பக்கமாகத் தள்ளும், அடிப்பகுதி அது தெரியாமல் நேராக விழுந்துகொண்டிருக்கும், இரண்டு விநாடி கழித்து அந்த வளைவு கீழே வந்து சேரும். அக்கா அதைத்தான் அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பாலத்தைக் கடக்காதவர்கள் எதையும் இழப்பதில்லை என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஏதாவது நடந்துவிட்டால்

999 அல்லது 112 அழைத்து, முதலில் போலீஸ், அப்புறம் மவுன்டன் ரெஸ்க்யூ என்று கேளுங்கள். இங்கே வருகிறவர்கள் லாக்கபர் மீட்புக் குழுவினர், எல்லோரும் தன்னார்வலர்கள். பேச முடியாத இடத்தில் குறுஞ்செய்தி போகலாம், ஆனால் பிரிட்டன் எண்ணிலிருந்து ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு முன்கூட்டியே அனுப்பிப் பதிந்திருக்க வேண்டும். இன்றே செய்துவிடலாம், ஒரு நிமிட வேலை. சிக்னலே இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஸ்காட்லாந்தின் பெரும்பாலான நிலங்களில் பொறுப்போடு நடக்கவும் கூடாரம் அடிக்கவும் உரிமை உண்டு. அந்தப் பொறுப்பு என்ற சொல்லை மதிக்க வேண்டும். புல்வெளியில் தீ மூட்டாதீர்கள், ஆரஞ்சுத் தோலையும் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள், சேற்றுக்குப் பயந்து பாதையை அகலமாக்காமல் நடுவிலேயே மிதித்துப் போங்கள்.

திரும்பும்போது

வந்த வழியேதான் திரும்ப வேண்டும். களைத்த கால், இறங்குமுகம், மனசு ஏற்கெனவே காருக்குப் போயிருக்கும். அதனால் புல்வெளியிலேயே நன்றாகச் சாப்பிட்டு, ஓய்வெடுத்துக் கிளம்புங்கள். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே மலையிடுக்குக்குள் நுழைந்துவிடுங்கள்.

அறைக்கு வந்ததும் முதல் வேலை உண்ணி பார்ப்பது. புல்லிலும் பெரணியிலும் இருந்து ஏறும் சின்ன உண்ணி லைம் நோயைப் பரப்பக்கூடியது. முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, அக்குள், குழந்தைகளுக்கு மயிர்க்கோடு, எல்லாம் தடவிப் பாருங்கள். இருந்தால் மருந்துக்கடையில் விற்கும் உண்ணிக் கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுங்கள். நசுக்காதீர்கள், தீ வைக்காதீர்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் வட்டமாகச் சிவந்து பரவினால் மருத்துவரிடம் போய், எங்கே நடந்தீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம் பூட்ஸைக் கழற்றி, உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் பசை விட்டுவிடும். படுக்கும் முன் ஒரு முறை தாளை மாற்றினால் காலையில் காய்ந்திருக்கும், லோயர் ஃபால்ஸுக்குப் போட்டுக்கொண்டு போகலாம்.